செடியின் மின்குறிப்பைப் பதிய மென்ஜெல் மின்முனை: கம்பி தயாரிப்பு முதல் பதிவைச் சரிபார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

செடியின் உடலுக்குள் கடந்து செல்லும் சிறு மின்னழுத்த மாற்றத்தையே இங்கே மின்குறிப்பு, சுருக்கமாகக் குறிப்பு, என்கிறேன். இலைமேல் ஒட்டிய மின்முனை, அதாவது ஜெல்லும் அதில் செருகிய கம்பியும், காட்டும் ஏற்ற இறக்கம் செடியிலிருந்து வரலாம், காய்ந்துகொண்டிருக்கும் ஜெல்லிலிருந்து வரலாம், அறையின் மின்கம்பிகளிலிருந்தும் வரலாம். திரையில் மூன்றும் ஒரே மாதிரி கோடாகத்தான் தெரியும். ஆகவே பின்னிரண்டையும் அடக்கிய பிறகே செடியைத் தொட வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போது பெரும்பாலோர் முதல் நாளே செடியில் ஒட்டி, முதல் அசைவையே செடியின் குறிப்பு என்று எழுதிவிடுவதைக் கண்டிருக்கிறேன். எங்கள் பகுதியின் வெயிலும் வறட்சியும் ஜெல்லை விரைவில் மாற்றிவிடுவதால் இங்கே இந்தத் தவறு நேர்வது மேலும் எளிது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுத்த வெள்ளிக் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமனில் வேண்டும். நகைப் பட்டறையில் கேட்டால் இழுத்துத் தருவார்கள். ஆனால் நகைக்கு ஆகும் வெள்ளியில் செம்பு கலந்திருக்கும் என்பதால், கலப்பில்லாத வெள்ளி வேண்டும் என்று சொல்லியே வாங்க வேண்டும். செம்பு கலந்த கம்பியில் பூச்சு சீராகப் படியாது, அதன் மின்னழுத்தமும் ஓரிடத்தில் நிற்காது.

பொட்டாசியம் குளோரைடு, அகர், பாலாக்சமர் 407 (சூட்டில் ஜெல்லாகும் தூள்), கிளிசரின், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஊசியில்லாத சிரிஞ்சு, கைலென்ஸ், தெர்மாகோல் பெட்டி ஆகியவையும் தேவை. தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றுகிற, உப்பு நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். ஊருணி நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள உப்பின் அளவு நமக்குத் தெரியாது; தெரியாத உப்பைச் சேர்த்துவிட்டு ஜெல்லின் செறிவைக் கணக்கிட முடியாது.

செடி இரண்டு வகையில் வேண்டும். தொட்டாற்சிணுங்கி குறிப்பு கடந்ததைக் கண்ணுக்கே காட்டிவிடும் என்பதால் பயிற்சிக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. இங்குள்ள செம்மண் கரம்பில் அது தானாக எளிதில் வளராது. ஈரம் நிற்கும் வயலோரத்திலிருந்து எடுத்துத் தொட்டியில் வைத்து, புதுத்தளிர் விடும் வரை விட்டுவைக்க வேண்டும். இரண்டாவதாக மிளகாயோ தக்காளியோ போதும்.

2. வெள்ளிக் கம்பிக்குக் குளோரைடு பூச்சு

வெறும் வெள்ளிக் கம்பியை ஜெல்லில் செருகினால் அதன் மின்னழுத்தம் காரணமின்றி அலையும். வெள்ளிக் குளோரைடு படிந்த கம்பியோ கரைசலின் குளோரைடுடன் சமநிலைக்கு வந்து நிலையாக நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவிய பின் விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது 100 மில்லியில் 0.75 கிராம் கரைத்ததில், கம்பியின் 2 சென்டிமீட்டர் நீளத்தை அமிழ்த்தி, அதை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையோடு 27 கிலோஓம் தடை வழியாக இணைக்க வேண்டும். எதிர்முனைக்குப் பென்சிலின் கரிக்குச்சி போதும். இந்த அமைப்பில் ஏறத்தாழ 0.3 மில்லிஆம்பியர் ஓடும். அந்த நீளக் கம்பியின் பரப்புக்கு இது சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியர் என்ற அளவில் வரும். தடையின்றி நேராகப் பேட்டரியில் இணைத்தால் பூச்சு அவசரமாகப் படிந்து, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

பதினைந்து நிமிடத்தில் வெள்ளியின் பளபளப்பு மங்கி, நாவல்பழச் சாயல் கலந்த சாம்பல் நிறம் சீராகப் பரவியிருக்கும். இடையிடையே வெள்ளி மின்னினால் கம்பியைத் தேய்த்து முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. மேலேயே இன்னொரு பூச்சு கொடுத்தால் நிற்பதில்லை. மின்சாரம் வேண்டாதவர்கள் துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டு திரவத்தில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அமிலமோ அமோனியாவோ அதன் அருகிலும் வரக் கூடாது.

நான்கு கம்பிகளையாவது ஒரே வேளையில் செய்யுங்கள். பின்னர் அனைத்தையும் ஒரே கிண்ணத்து 0.1 மோலார் கரைசலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வேறுபாடு 2 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும் கம்பிகளே இணையாகும். இருட்டில், அதே கரைசலில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். வெள்ளிக் குளோரைடை வெளிச்சம் சிதைக்கும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், அங்கே பயின்றவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வாய்ப்புண்டு. சரியான பூச்சின் நிறத்தை அப்படிப்பட்டவர் அருகில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டால் எழுத்தில் விளக்க முடியாதது விளங்கிவிடும்.

3. ஜெல்லின் உப்புச் செறிவை முதலில் முடிவு செய்தல்

புதியவர்கள் மனித உடலுக்கான இ.சி.ஜி. ஜெல்லை எடுத்து இலையில் தடவுவது வழக்கம். குறிப்பு கிடைக்கவும் செய்யும். ஆனால் அதில் உப்பு மிகுதி. மணிக்கணக்கில் இருந்தால் அடியிலுள்ள இலை உயிரணுக்களின் நீரை இழுத்து, அந்த இடம் வாடிப் பழுப்பாகும். வாடும் திசு தானே ஒரு மின்மாற்றத்தை உண்டாக்கும். பொட்டாசியம் மிகுந்தாலும் உயிரணுச் சவ்வின் மின்னழுத்தம் சரியும்.

நான் பரிந்துரைப்பது 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, அதாவது முன் சொன்ன 0.1 மோலார் கரைசலின் பத்தில் ஒரு பங்குச் செறிவு. இலை இதைத் தாங்கும், வெள்ளிக் குளோரைடும் இதில் நிலையாக நிற்கும். எந்தச் செறிவை எடுத்தாலும் இரண்டு மின்முனைகளிலும் ஒரே கலத்தில் செய்த ஒரே ஜெல்தான் இருக்க வேண்டும். குளோரைடின் செறிவு பத்து மடங்கு வேறுபட்டால் 59 மில்லிவோல்ட் வேறுபாடு தானாக எழும். இரண்டு மடங்கு வேறுபட்டால் 18 மில்லிவோல்ட். ஒரு பக்கத்து ஜெல் மட்டும் காய்ந்து பாதியானால் அந்த 18 மில்லிவோல்ட் மெல்ல மெல்ல ஏறும். செடியின் குறிப்பும் இதே அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், காய்தல் ஏன் இத்தனை முக்கியம் என்பது விளங்கும்.

4. வழுவழுப்பான இலைக்கு அகர் ஜெல்

0.1 மோலார் கரைசல் 10 மில்லி, கிளிசரின் 10 மில்லி, தண்ணீர் 80 மில்லி, அகர் 1.5 கிராம். தெளிவாகும் வரை காய்ச்சி, குமிழி அடங்க விட்டு, சர்பத் உறிஞ்சும் குழாய்த் துண்டுகளில் ஊற்றி உறைய விட வேண்டும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சித்திரை வைகாசியில் அது இல்லாத அகர் துண்டு முற்பகலுக்குள் சுருங்கிவிடும்.

மளிகைக் கடையில் விற்கும் கடல்பாசியும் இதற்கு ஆகும். ஆனால் அதில் எஞ்சிய கடலுப்பு இருக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் ஊறவைத்து நான்கைந்து முறை நீர் மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். வண்ணமும் இனிப்பும் சேர்த்த வகை ஆகாது.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, சூடான அகரை நேராக இலையில் சொட்டுவதுதான். அகர் 35 முதல் 40 டிகிரிக்கு வந்துதான் உறையும். ஊற்றும் சூட்டில் அது இலையைச் சுடும், சுட்ட இலை நிமிடக்கணக்கில் நீளும் காயக்குறிப்பை அனுப்பும். எனவே குழாயில் உறைந்ததைத் தள்ளி, 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே அளவாக நறுக்கியே வைக்க வேண்டும். குறைந்த சூட்டில் உறையும் அகரோஸை வாங்கலாமே என்று கேட்பார்கள். அது 30 டிகிரிக்கும் கீழே உறைவது. நம் ஊர்க் கோடையில் வெளியே வைத்தால் உறையாமலே போகலாம்.

5. முடியுள்ள இலைக்கும் தண்டுக்கும் பாலாக்சமர் ஜெல்

கத்தரி இலையிலோ சூரியகாந்தித் தண்டிலோ அகர் துண்டை வைத்து, பக்கவாட்டிலிருந்து கைலென்ஸால் பாருங்கள். ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவே வெள்ளியாய் ஒரு மினுக்கம் தெரியும். அது முடிகளுக்கிடையே சிக்கிய காற்று. ஜெல் முடிநுனிகளின்மேல் படுத்திருக்கிறதே தவிர, தோலைத் தொடவில்லை. அழுத்தினால் முடி ஒடியும். ஒடிவதும் செடிக்குக் காயமே.

இதற்கு விடை, திரவமாக ஊற்றி இலைமேலேயே ஜெல்லாக மாறும் பொருள். பாலாக்சமர் 407 குளிரில் நீராகவும் சூட்டில் ஜெல்லாகவும் இருக்கும். அகரின் இயல்புக்கு நேர்மாறு. முடியுள்ள செடிகளுக்கு இப்படி வெப்பத்தால் ஜெல்லாகும் மின்முனையைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். அவர்கள் உருவாக்கிய பொருள் நம்மிடம் இல்லாவிட்டாலும், பாலாக்சமரைக் கொண்டு அதே வழியைப் பின்பற்ற முடிகிறது.

20 கிராம் தூளை, ஐஸில் வைத்த 80 கிராம் 10 மில்லிமோலார் கரைசலில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, குளிர்பெட்டியில் இரவு முழுதும் விட வேண்டும். சூடாக்கிக் கரைக்க முயன்றால் வெளிப்பக்கம் ஜெல்லாகி உள்ளே தூள் கட்டியாகவே நிற்கும். மறுநாள் கட்டியும் நுரையுமின்றித் தெளிந்திருக்கும்.

இந்தச் செறிவில் 25 டிகிரியை ஒட்டி ஜெல்லாகும். செறிவைக் குறைத்தால் அந்த வெப்பநிலை உயரும். பயன்படுத்தும் அறையிலேயே ஒரு மில்லியைச் சிறு குப்பியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிடுங்கள். ஓடாமல் நின்றால் சரி. ஏ.சி. அறையில் 22 டிகிரியில் இது இலையிலிருந்து வழிந்துவிடக்கூடும். நம் வீட்டு வளவிலோ (உள்முற்றத்தில்) சொட்டிய சில நொடிகளில் நின்றுவிடும். வெயில் நமக்கு உதவும் இடம் இந்த ஒன்றுதான்.

ஆனால் சிரிஞ்சுக்குள்ளேயே இறுகிவிடாமல் இருக்க அதை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் குளிரோடு நேராகத் தொட்டாற்சிணுங்கியில் சொட்டினால் அந்தக் குளிரே அதைத் தூண்டிவிடும். சிரிஞ்சைக் கையில் சற்று நேரம் பிடித்து 15 டிகிரியளவுக்குக் கொண்டுவந்து சொட்டுவது நல்லது.

6. பெருக்கி

இலையின் மேற்றோல் மெழுகு பூசியது. அதன் வழியே பார்க்கும் தடை பல மெகாஓம் இருக்கும். இலையின் தடை 5 மெகாஓம், மல்டிமீட்டரின் தடை 10 மெகாஓம் என்றால், மீட்டர் உண்மையின் மூன்றில் இரண்டு பங்கையே காட்டும். ஜெல் காயக் காயத் தடை ஏறுவதால் அந்தப் பங்கும் மாறும். ஆகவே முதல் நிலையில் உள்ளீட்டுத் தடை மிக உயர்ந்த ஆப்-ஆம்ப் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) வேண்டும். எல்எம்சி 6482 போன்ற சீமாஸ் வகை போதுமானது. ஒவ்வொரு மின்முனைக்கும் ஒன்றைத் தாங்கியாக (மின்னழுத்தத்தை மாற்றாமல் கடத்தும் பஃபராக) வைத்து, பிறகு மண்ணில் செருகும் முனையோடு அதற்குள்ள வேறுபாட்டைப் பத்து மடங்கு பெருக்கலாம். உள்ளீட்டில் ஒரு நானோஆம்பியர் கசியும் சில்லு 5 மெகாஓமில் 5 மில்லிவோல்ட் பிழையைத் தரும் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் ஏடி 8232 இதயத்துடிப்புப் பலகையை வாங்கி வருவோர் பலர். அது அரை ஹெர்ட்சுக்குக் கீழுள்ள மெதுவான மாற்றங்களை வடிகட்டித் தள்ளுமாறு அமைந்தது. நிமிடக்கணக்கில் நீளும் செடியின் காயக்குறிப்பு அதில் அறவே தெரியாது. தெரியவில்லை என்பதால் செடி பேசவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மூன்றாவது மின்முனை ஒன்று ஈரமான தொட்டி மண்ணில் செருகப்பட்டு, சுற்றின் நடு மின்னழுத்தத்தோடு இணைய வேண்டும். இது இல்லாவிட்டால் உள்ளீடுகள் மிதந்து, கோடு ஒரு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். செம்மண் காய்ந்து வெடித்தால் இந்த இணைப்பு அறுந்துவிடும். முந்தைய மாலையே நீர் ஊற்றிவைக்க வேண்டும். பதிவின் நடுவே ஊற்றினால் அதுவே ஒரு குறிப்பை எழுப்பும்.

பதிவில் நொடிக்கு 10 புள்ளிகள் போதும். ஒவ்வொரு புள்ளியும் 100 மில்லிநொடியின் சராசரியாக இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. ஐந்து முழுச் சுழற்சிகளின் சராசரியில் அந்த இரைச்சல் தானே கழிந்துவிடும்.

7. இடமும் வலைக்கூண்டும்

அறையின் மின்னிரைச்சல் செடியை எட்டாதிருக்க, கோழிக்கூண்டு வலையைச் செடியின் நான்கு பக்கமும் மேலும் கீழும் சூழ வளைத்து, ஒரே இடத்தில் மின்சுற்றின் தரையோடு (கிரவுண்டோடு) இணைத்தால் போதும். வலையின் துண்டுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்க வேண்டும். துரு பிடித்த மடிப்பில் தொடர்பு இராது. மடிக்கணினி பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும் மின்விசிறி இருக்கும் அறை கூடாது.

பெரிய வீடுகளின் வளவு பார்ப்பதற்கு ஏற்ற இடமாகத் தோன்றும்; சுற்றிலும் மின்கம்பி குறைவு. அங்கே ஒரு கண்ணி உண்டு. முற்றத்தில் விழும் வெயில் கட்டம் காலையிலிருந்து நகர்ந்துகொண்டே வரும், அது செடிமேல் ஏறும் நிமிடத்தில் மின்னழுத்தம் மாறும். ஒளி கூடுவதும் குறைவதும் செடிக்குத் தூண்டுதலே. வெயில் கட்டம் எட்டாத உள்பக்கத் தூணோரமாகத் தொட்டியை வைத்து, தொட்டியின் இடத்தைத் தரையில் குறித்துவிடுங்கள். காலை பத்து மணிக்குள் வேலையை முடிப்பது எல்லா வகையிலும் நல்லது.

8. செடி இல்லாமல் ஒரு பதிவு

இந்தப் படியை விட்டுவிட்டுச் செய்த எந்தப் பதிவையும் நான் ஏற்பதில்லை. ஒரு கிண்ணத்தில் உறைந்த அகர் மேல் இரண்டு மின்முனைகளையும் நிறுத்தி, மூன்றாவதையும் அதிலேயே செருகி, கூண்டை மூடி, ஒரு மணி நேரம் பதியுங்கள். கோடு 1 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரே திசையில் மெதுவாக ஏறினால், ஒரு ஜெல் மற்றதைவிட விரைவில் காய்கிறது அல்லது ஒரு பூச்சு கெட்டிருக்கிறது. இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஏற்றம் கம்பியோடு இடம் மாறினால் குற்றம் பூச்சில். திடீர்த் தாவல்கள் தெரிந்தால் பற்றாசு (சால்டர்) வைத்த இணைப்பைப் பாருங்கள். பற்றாசும் செம்புக் கம்பியும் ஜெல்லைத் தொட்டால் அங்கே ஒரு சிறு பேட்டரியே உருவாகிவிடும். வெள்ளி மட்டுமே ஜெல்லுக்குள் இருக்க வேண்டும்.

இந்தப் பதிவின்போதே கூண்டின் அருகில் கையை நீட்டுவது, நாற்காலியை நகர்த்துவது, பற்றவைக்காத லைட்டரைக் கொண்டுசெல்வது ஆகியவற்றைச் செய்து, அவை எப்படித் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே வடிவம் செடியில் தெரிந்தால் அது செடியினுடையதாக இராது.

9. செடியில் ஒட்டுதல்

இலையின் தூசியை உப்பு நீக்கிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, உலர விட வேண்டும். மெழுகை உரசி நீக்கினால் தடை குறையும் என்பது உண்மை. அப்படி உரசிய இலை பல மணி நேரம் காயத்தின் குறிப்பையே தந்துகொண்டிருக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

முதலில் கம்பியைத் தாங்கியில் கட்டி, சுருளாகத் தளர்த்தி, நுனி இலைக்குச் சற்று மேலே நிற்குமாறு அமைக்க வேண்டும். ஜெல்லை அதற்குப் பிறகே வைக்க வேண்டும். வரிசை மாறினால் கம்பியின் எடையை இலை சுமக்கும். ஒவ்வொரு காற்றசைவும் பதிவில் ஏறும்.

தொட்டாற்சிணுங்கியில் ஒரே இலைக்காம்பில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் ஒட்டி, இரண்டையும் மண்ணிலுள்ள முனையோடு ஒப்பிட்டுத் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஜெல் துளிகளுக்கிடையே ஈரப்படலம் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கைலென்ஸால் பார்த்து ஒற்றி எடுங்கள்.

10. காத்திருத்தல்

ஒட்டும்போது செடி மடங்கியிருக்கும். அது விரிந்து, கோட்டின் நகர்வு பத்து நிமிடத்துக்கு 1 மில்லிவோல்ட்டுக்குள் வரும் வரை எதையும் செய்யக் கூடாது. பெரும்பாலும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

11. தூண்டுதலும் சரிபார்ப்பும்

இலைநுனியில் ஐஸ் நீர் ஒரு சொட்டு விடுங்கள். தொட்டாற்சிணுங்கியில் செயல்மின்னழுத்தம் (விரைவாகக் கடக்கும் மின்குறிப்பு) காம்பின் வழியே நொடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். 3 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் இரண்டாவது மின்முனையில் குறிப்பு ஒன்று முதல் ஒன்றரை நொடி தாமதமாக எழ வேண்டும். இரண்டிலும் ஒரே கணத்தில் எழுந்தால் அது அறையிலிருந்து வந்தது. அதன் வடிவம் எத்தனை அழகாக இருந்தாலும் விலக்கிவிட வேண்டும். இந்தத் தாமதமே குறிப்பு கடந்து வந்தது என்பதற்கு நம் கையிலுள்ள வலுவான சான்று.

தக்காளியில் இலைநுனியைச் சுடரால் தொட்டால் எழுவது மெதுவான காயக்குறிப்பு. அது நொடிக்குச் சில மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ நகரும், தொலைவு கூடக் கூடச் சிறுக்கும், பல நிமிடம் நீளும். ஜெல் காய்வதால் வரும் நகர்வோடு இதைக் குழப்புவது எளிது. சுடரைக் காட்டும் முன், பற்றவைக்காத லைட்டரை அதே கையால் அதே இடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய் எடுங்கள். அதற்கும் கோடு அசைந்தால் முதலில் கூண்டைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த தூண்டுதலுக்கு முன் செடி முழுதாக விரிந்திருக்க வேண்டும். ஒரே இலையை ஒரே நாளில் இரண்டாம் முறை சுடக் கூடாது.

12. கழற்றுதலும் அடுத்த நாளுக்கு வைத்தலும்

பாலாக்சமரை ஐஸ் நீர் விட்டால் தானே கரைந்து இறங்கும், பிய்க்கத் தேவையில்லை. அகர் துண்டை எடுத்த பிறகு அடியிலுள்ள இலையைப் பாருங்கள். பழுப்போ கண்ணாடி போன்ற ஈரப்புள்ளியோ இருந்தால் அன்றைய பதிவின் பிற்பகுதியை நம்ப வேண்டாம். செறிவைப் பாதியாக்கி மறுநாள் செய்ய வேண்டும்.

கம்பிகளைக் கழுவி 0.1 மோலார் கரைசலில் இருட்டில் வைத்து, இணைகளின் வேறுபாட்டைப் பதிவேட்டில் எழுதுங்கள். அறையின் வெப்பநிலை, ஜெல் செய்த தேதி, கடைசியாக நீர் ஊற்றிய நேரம் ஆகியவையும் அதே வரியில் இருக்கட்டும். வேறுபாடு 2 மில்லிவோல்ட்டைத் தாண்டிய கம்பியை உரசி, மீண்டும் பூச்சு கொடுத்தே பயன்படுத்த வேண்டும். குளிர்பெட்டியில் மூடிவைத்த அகர் ஒரு வாரம் வரை ஆகும். விளிம்பு சுருங்கியிருந்தாலோ பூஞ்சணம் கண்டாலோ கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.